கடிதம் வந்து சேராத இருக்கை

அமெரிக்கச் செய்திகளில் அவ்வப்போது ஒரு சின்னத் துணுக்கு வரும். இன்ன நிறுவனம் இன்ன ஆண்டுகளில் தயாரித்த நெடுந்தூரச் சொகுசுப் பேருந்துகளைத் திரும்ப அழைக்கிறது. எஞ்சின் பக்கத்தில் ஒரு குழாயோ கேபிளோ உரசித் தீப்பிடிக்கக்கூடும். பணிமனைக்குக் கொண்டுவந்தால் காசில்லாமல் சரிசெய்து தரப்படும். வண்டிகளின் எண்ணிக்கை பெரும்பாலும் சில நூறுதான், மிஞ்சிப்போனால் சில ஆயிரம். லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைக்கும் செய்திகளுக்கு நடுவே இது கண்ணில் படுவதே அரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 பேருந்து, ஒவ்வொன்றிலும் 54 இருக்கை என்றால் ஒரு நடைக்கு 27,000 பேர். காரில் தீப்பிடித்தால் கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பேருந்தில் நாற்பதாவது ஆளுக்கு முன்னால் முப்பத்தொன்பது பேர் இறங்கியாக வேண்டும். எண்ணிக்கை சின்னது என்பதால் செய்தியும் சின்னது என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். அந்தக் கம்பெனி வண்டியில் இனி ஏறவே கூடாது என்பது ஒன்று. கண்டுபிடித்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே அவசர முடிவுகள். ரீகால் என்ற ஏற்பாடு எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று பொறுமையாகப் பார்த்தால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்பது புரியும்.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் ரீகாலுக்கு அடிப்படை 1966-இல் வந்த மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம். வண்டியில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பதாகத் தயாரிப்பாளர் முடிவுக்கு வந்துவிட்டால், ஐந்து வேலை நாட்களுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் 60 நாட்களுக்குள் பதிவில் உள்ள உரிமையாளர்களுக்குத் தபாலில் கடிதம் போக வேண்டும். மாற்றுப் பாகம் இன்னும் தயாராகவில்லை என்றால் முதல் கடிதம் ஆபத்தை மட்டும் சொல்லும். பாகம் வந்ததும் இரண்டாவது கடிதம். பழுதுபார்ப்புச் செலவு தயாரிப்பாளருடையது. முன்பு பத்து ஆண்டு வரையிலான வண்டிகளுக்குத்தான் இந்த இலவசப் பழுதுபார்ப்பு. 2015-இல் வந்த சட்டம் அதைப் பதினைந்து ஆண்டாக்கியது.

பெரும்பாலான ரீகால்களை அரசு உத்தரவு போட்டு வாங்குவதில்லை, தயாரிப்பாளர்களே அறிவிக்கிறார்கள். அதனால் ரீகால் அறிவித்தவரைக் குற்றவாளியாகவும் அறிவிக்காதவரை உத்தமராகவும் பார்ப்பது சரியாக வராது. 2000-இல் ஃபயர்ஸ்டோன் டயர் விவகாரம் வெடித்தபோது அமெரிக்க மக்களைக் கொதிக்கவைத்தது வேறொன்று. அதே டயர்களை அதற்கு முன்பே சவூதி அரேபியாவில் ஃபோர்டு மாற்றிக் கொடுத்திருந்தது. அமெரிக்காவில் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டில் செய்யும் ரீகாலையும் அமெரிக்க அரசிடம் சொல்லியாக வேண்டும் என்று அந்த ஆண்டே சட்டம் வந்தது. சொன்னவரைவிடச் சொல்லாமல் இருந்தவரைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டார்கள்.

இனி குறை என்றால் எப்படிப்பட்ட குறை என்று வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம். நெடுந்தூரச் சொகுசுப் பேருந்தில் எஞ்சின் பின்பக்கம் இருக்கும். டர்போவும் எக்ஸாஸ்ட் குழாயும் ஓட்டத்தில் பல நூறு டிகிரி சூடேறும். அதே இடுக்கில்தான் டீசல் குழாய், எஞ்சின் ஆயில் குழாய், பவர் ஸ்டீயரிங் ஆயில் குழாய், பேட்டரி கேபிள் எல்லாம் போகின்றன. ஒரு கிளாம்ப் இரண்டு விரற்கடை தள்ளிப் பொருத்தப்பட்டுவிட்டது என்று வையுங்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் குழாய் இரும்புச் சட்டத்தில் லேசாக உரசும். முதலில் ரப்பரின் மேல்தோல் பளபளப்பாகத் தேயும். பிறகு உள்ளே இருக்கும் நெசவு இழை தெரியும். கடைசியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அழுத்தத்தில் ஓடும் எண்ணெய் அந்தத் துளை வழியே சொட்டுச் சொட்டாக விழாது; கொசுமருந்து அடிப்பதுபோலப் பொடித்துளியாகப் பீய்ச்சும். எதிரே டர்போ. அங்கே தீக்குச்சி தேவையில்லை.

பேட்டரி கேபிள் உரசினால் கதை இன்னும் மோசம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம் என்பதால் பல கனரக வண்டிகளில் அந்தக் கேபிளுக்கு ஃபியூஸ் கிடையாது. உறை தேய்ந்து செம்பு இரும்புச் சட்டத்தைத் தொட்டால் தடுத்து நிறுத்த எதுவுமில்லை. பொறி பறந்துகொண்டே இருக்கும். அமெரிக்கச் சொகுசுப் பேருந்து ஒன்றின் நீளம் 45 அடி வரை வரும். ஓட்டுநர் ஒரு முனையில், தீ மறுமுனையில். கரும்புகையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பின்னால் வண்டியில் வருகிறவர்தான்.

கிளாம்ப் தள்ளிப் பொருத்தப்பட்டது ஒரு வண்டியில் மட்டும் என்றால் அது ஒரு மெக்கானிக்கின் கவனக்குறைவு. வரைபடமே அப்படி இருந்து, அந்த வரிசையில் வந்த எல்லா வண்டியிலும் அதே இடத்தில் அதே உரசல் என்றால் அது தயாரிப்புக் குறை. ரீகால் இரண்டாவதற்கு மட்டும்தான். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்ப வர வேண்டும்.

இப்போது அந்தக் கடிதம். கார் ரீகாலில் கடிதம் வாங்குகிறவரும் காரில் உட்காருகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். பயம் வந்தால் தன் உயிருக்காக, பிள்ளைகளின் உயிருக்காக அவரே பணிமனைக்கு ஓடுவார். சட்டத்தை எழுதியவர்கள் நம்பியது இந்தப் பயத்தைத்தான். பேருந்தில் இந்தக் கண்ணி அறுந்துபோகிறது. கடிதம் டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே யாரோ பிரிக்கிறார்கள், கோப்பில் வைக்கிறார்கள். அடுத்த வாரம் மூன்று சுற்றுலா புக்கிங் இருக்கிறது, வண்டியை இரண்டு நாள் நிறுத்தினால் நஷ்டம் என்று ஒருவர் கணக்குப் பார்க்கிறார். ஜன்னலோரத்தில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் அம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் இருப்பதே தெரியாது. ஆபத்தைச் சுமப்பவர் ஒருவர், அதை அறிந்தவர் வேறொருவர். பேருந்து ரீகாலில் நான் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

இது வெறும் ஊகமில்லை. 2004-இல் கலிபோர்னியாவில் இரண்டு சகோதரிகள், 24 வயதும் 20 வயதும், வாடகைக்கு ஒரு கார் எடுத்தார்கள். பவர் ஸ்டீயரிங் குழாய் கசிந்து எஞ்சின் பகுதியில் தீப்பிடிக்கலாம் என்று ஏற்கெனவே ரீகால் செய்யப்பட்ட மாடல் அது. ரீகால் அறிவிப்பு வாடகை நிறுவனத்துக்கு வந்திருந்தது. கார் சரிசெய்யப்படாமலேயே வாடகைக்குப் போயிற்று. நெடுஞ்சாலையில் தீப்பிடித்து, கட்டுப்பாடு இழந்து, எதிரே வந்த லாரியில் மோதி இருவரும் இறந்தார்கள். அவர்களுடைய தாய் விடாமல் போராடினார். ரீகால் நிலுவையில் உள்ள காரை வாடகைக்கு விடக் கூடாது என்ற சட்டம் 2015-இல் நிறைவேறியது. அதற்கு அந்தச் சகோதரிகளின் பெயரையே வைத்தார்கள்.

சட்டம் வர பதினோரு ஆண்டு ஆயிற்று. வந்த சட்டமும் 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ வரை மொத்த எடை கொண்ட வாடகை வண்டிகளுக்கு மட்டும்தான். ஆள் ஏறிய சொகுசுப் பேருந்தின் எடை அதைப்போல நான்கைந்து மடங்கு இருக்கும். ஆக, ஐந்து பேர் போகும் வாடகைக் காருக்கு உள்ள காவல் ஐம்பது பேர் போகும் பேருந்துக்கு அந்தச் சட்டத்தில் இல்லை. குத்தகைக்கு விடப்பட்ட வண்டி என்றால், கடிதம் கிடைத்த பத்து நாட்களுக்குள் அதைக் குத்தகைதாரருக்கு அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. கடிதம் கைமாற வேண்டும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அது பயணச்சீட்டு வாங்கியவர் வரை போக வேண்டும் என்பது தோன்றவில்லை.

இதற்குப் பேருந்து நிறுவனங்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. பத்து வண்டி வைத்திருக்கும் குடும்ப நிறுவனத்தில் ஆறு வண்டி ரீகாலில் மாட்டிக்கொண்டால் தொழிலே படுத்துவிடும். பாகம் வர மாதக்கணக்கு ஆகலாம். அதுவரை மூடிவிட்டுப் போகச் சொல்கிறீர்களா என்று கேட்பார்கள். மூடச் சொல்ல வேண்டியதில்லை. உரசும் குழாய்தான் பிரச்சினை என்றால் அதை ஒவ்வொரு நடைக்கு முன்பும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். தேய்ந்திருந்தால் வண்டியை நிறுத்தலாம். உரசாமலிருக்க ஒரு உறையைத் தற்காலிகமாகப் போட்டுக் கட்டலாம். என்ன செய்தால் போதும் என்பதை முதல் கடிதத்திலேயே தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் செய்ய முடியாத தீ அபாயம் என்றால் ஆள் ஏற்றாமல் நிறுத்துவதைத் தவிர வழியில்லை. நஷ்டம் யாருடையது என்பதைத் தயாரிப்பாளரும் பேருந்து நிறுவனமும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். பயணியின் தலையில் அதை வைக்கக் கூடாது.

சரி, எல்லாக் கடிதமும் போய்ச் சேர்ந்து எல்லா ரீகாலும் முடிந்துவிட்டால் தீ நின்றுவிடுமா? இங்கேதான் முன்னே சொன்ன வித்தியாசத்துக்குத் திரும்ப வேண்டும். டெக்சஸ் மாநிலத்தில் 2005-இல் நடந்ததைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ரீட்டா புயல் வருகிறது என்று ஹூஸ்டன் பகுதியே காலிசெய்துகொண்டு கிளம்பியது. ஹூஸ்டனை ஒட்டிய பெல்லேர் என்ற ஊரில் இருந்த முதியோர் இல்லத்தினரையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்களையும் டல்லஸுக்கு அழைத்துப்போக ஒரு பேருந்து ஏற்பாடாயிற்று. 1998-இல் தயாரானது, 54 இருக்கை. பயணிகள் 44 பேர். பலருக்கு நடக்க முடியாது. சிலர் ஆக்ஸிஜன் உருளையோடு வந்தவர்கள். சாதாரண நாளில் நான்கு மணி நேரப் பாதை அது. அன்றைய நெரிசலில் சுமார் பதினைந்து மணி நேரம் ஊர்ந்தார்கள். வழியில் பின்பக்க வலது டயர் பஞ்சராகி மாற்றவும் வேண்டியிருந்தது.

செப்டம்பர் 23, விடியற்காலை ஆறு மணி சுமாருக்கு, வில்மர் என்ற ஊருக்கு அருகே வண்டி போய்க்கொண்டிருந்தது. டல்லஸ் கிட்டத்தில் வந்துவிட்டது. பக்கத்தில் போன ஒரு வாகன ஓட்டி, பின் சக்கரத்தின் ஹப் சிவப்பாகக் கனல்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியப்படுத்தினார். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். செவிலியர்களும் வழியில் போனவர்களும் ஆளாளுக்குக் கைகொடுத்து இறக்கத் தொடங்கினார்கள். நடக்க முடியாதவர்களைத் தூக்கித்தான் இறக்க வேண்டும். கதவு ஒன்று, படிகள் செங்குத்து. 23 பேரை இறக்க முடியவில்லை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்த காரணம் மிக எளிது. பின்கடைசி அச்சின் வலது சக்கரத்தில், பேரிங்குக்குப் போதிய மசகு இல்லை. எண்ணெய்ப்பசை இல்லாத உருளைகள் இரும்போடு இரும்பாக அரைந்து, சூடேறி, சிதைந்து, அந்தச் சூட்டில் டயர் பற்றிக்கொண்டது. வண்டியை நடத்திய நிறுவனம் மசகு இல்லாததைக் கவனிக்கவில்லை. நிறுவனங்களைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பின் தணிக்கை முறையும் பலவீனமாக இருந்தது. சக்கரத்தை ஒட்டிய பகுதி தீயைத் தாங்கும் பொருட்களால் கட்டப்படவில்லை. காரணங்களில் இவை எல்லாவற்றையும் வாரியம் சேர்த்துச் சொன்னது.

இருட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இரும்பு சிவக்க வேண்டுமென்றால் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரே நிமிடத்தில் வருகிற சூடல்ல அது.

மசகு என்று மூன்றெழுத்துள்ள ஒரு சின்ன வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். நம்மூர்ப் பட்டறையில் ஹப் பிரித்து கிரீஸ் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வீலைக் கழற்றி, ஹப் மூடியைத் திறந்து, பேரிங்கை வெளியே எடுப்பார்கள். பழைய கிரீஸ் கருத்து, மணல்போல நெறுநெறுவென்று இருக்கும். டீசலில் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு உருளையாகச் சுழற்றிப் பார்ப்பார்கள். நீலம் பாய்ந்திருக்கிறதா, பொரிந்திருக்கிறதா என்பதுதான் பார்வை. நீலம் பாய்ந்திருந்தால் அந்த பேரிங் ஏற்கெனவே சூட்டைச் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு உள்ளங்கையில் ஒரு குவியல் கிரீஸ் எடுத்து, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்றுவார்கள். ஒரு சக்கரத்துக்கு இவ்வளவு வேலை. செய்தாலும் செய்யாவிட்டாலும் வெளியிலிருந்து பார்த்தால் சக்கரம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதே காரணத்தால்தான் பழைய ஓட்டுநர்கள் டீக்கடையில் வண்டி நின்றதும் முதலில் டீ கேட்பதில்லை. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். மற்ற சக்கரமெல்லாம் இளஞ்சூடு, ஒன்று மட்டும் கை வைக்க முடியவில்லை என்றால், "அண்ணே, இந்தப் பக்கம் கொதிக்குதுண்ணே" என்று கிளீனர் குரல் கொடுப்பான். அந்த வண்டி அங்கிருந்து நகராது. பேரிங் தீய்ந்து கனலுவதற்கு முன்னால் பிடித்துவிடக்கூடிய பரிசோதனை இது. ஒரு பைசா செலவில்லை.

வில்மர் தீயை எந்த ரீகாலும் தடுத்திருக்காது. அங்கே வரைபடத்தில் பிழை இருந்ததாக வாரியம் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் செய்ய வேண்டிய வேலை செய்யப்படவில்லை. ரீகால் இல்லாத மாடல் என்பதால் ஒரு பேருந்து பத்திரமானது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் அறையும் சக்கரப் பகுதியும்தான் பெரும்பாலான பேருந்துத் தீயின் பிறப்பிடங்கள். முதலாவதில் தயாரிப்புக் குறைக்கும் பராமரிப்புக் குறைக்கும் இடமுண்டு. இரண்டாவதில் பெரும்பாலும் பராமரிப்புதான்.

தீ எங்கே பிறந்தாலும் அது இருக்கைகளை எட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் உயிர்க் கேள்வி. வில்மருக்குப் பிறகு அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் நிஜப் பேருந்தை வைத்தே சோதனை நடத்தியது. சக்கரத்தைச் சூடேற்றி டயரை எரியவிட்டார்கள். தரை வழியாகத் தீ மேலேறும் என்று நாம் நினைப்போம். தீ வெளிப்பக்கமாக ஏறியது. டயரின் சுவாலை சக்கரத்துக்கு மேலே உள்ள கண்ணாடியிழைப் பலகையைப் பற்றி, ஜன்னல் கண்ணாடியை எட்டி, அதை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அதன்பின் சில நிமிடங்களில் உள்ளே மூச்சுவிட முடியாத நிலை. அந்தப் பலகையை உலோகத்தில் செய்தால் என்ன ஆகும், சூட்டில் உப்பித் தடுக்கும் பூச்சு பூசினால் என்ன ஆகும், சுவாலையை ஜன்னலிலிருந்து விலக்கிவிடும் ஒரு தகட்டை வைத்தால் என்ன ஆகும் என்றும் எரித்துப் பார்த்தார்கள். சில நிமிடங்கள் தள்ளிப்போகிறது என்பதற்காகத்தான் இத்தனை சோதனை. கதவு ஒன்றே உள்ள வண்டியில் அந்தச் சில நிமிடங்கள் பத்து இருபது பேரின் உயிர்.

உட்புறத் துணி, பஞ்சு ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் விதி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, 1972-லிருந்து இருக்கிறது. படுக்கைவாக்கில் வைத்த துணியில் சிறு சுவாலை காட்டினால் நிமிடத்துக்கு நான்கு அங்குலத்துக்கு மேல் பரவக் கூடாது என்கிறது. சிகரெட் துண்டு, தீக்குச்சி விழுந்து பற்றும் தீயை மனத்தில் வைத்து எழுதியது அது. ஜன்னலை உடைத்துக்கொண்டு வரும் டயர் தீக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

ஜன்னலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவசர ஜன்னல் என்று எழுதியிருக்கும். அமெரிக்கச் சொகுசுப் பேருந்துகளில் அது மேலே கீல் வைத்த கனமான கண்ணாடி; தாழைத் தூக்கி வெளியே தள்ள வேண்டும், தள்ளிய கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். தலைக்கு மேல் உயரத்திலிருந்து தரைக்குக் குதிக்க வேண்டும். எண்பது வயதுக்காரருக்கு அது ஜன்னலே அல்ல, சுவர்.

விதிக்கும் வண்டிக்கும் உள்ள உறவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1988 மே 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் கேரல்டன் அருகே, தேவாலயக் குழு ஒன்றை ஏற்றிவந்த பழைய பள்ளிப் பேருந்தின் மீது, குடிபோதையில் தவறான திசையில் வந்த ஒரு வண்டி மோதியது. மோதலில் யாரும் சாகவில்லை. எரிபொருள் தொட்டி கிழிந்து தீப்பிடித்ததில் 27 பேர் இறந்தார்கள். பள்ளிப் பேருந்துகளின் எரிபொருள் தொட்டி மோதலைத் தாங்க வேண்டும் என்ற விதி 1977 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. இந்தப் பேருந்தின் சேஸிஸ் அதற்கு ஒன்பது நாள் முன்னால் தயாராகிவிட்டது. ஒன்பது நாள் வித்தியாசத்தில் பதினோரு ஆண்டு சட்டப்படி குறையில்லாத வண்டியாக ஓடியது. புது விதி புது வண்டிக்குத்தான். பழைய வண்டியைத் தேடிப்போய்த் திருத்தும் கடமை அதற்கு இல்லை. பேருந்துகளோ எளிதில் ஓய்வு பெறுவதில்லை. முதல் உரிமையாளர் பத்தாண்டு ஓட்டி விற்பார். அடுத்தவர் வாங்கிச் சின்ன ஊர்களுக்கு விடுவார். மூன்றாமவர் தேவாலயத்துக்கோ தொழிற்சாலைக்கோ ஓட்டுவார். கைமாறக் கைமாறக் கடிதம் போகும் முகவரி பழசாகிக்கொண்டே போகும். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் குறைந்துகொண்டே போகும்.

கேரல்டன் பேருந்தின் சேஸிஸ் ஒரு நிறுவனத்துடையது, பாடி வேறொரு நிறுவனத்துடையது. இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்குக் கரூர் நினைவுக்கு வரும். கம்பெனியிலிருந்து சேஸிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கரூர்ப் பட்டறைகளில் அது பேருந்தாகும். ஏசி, டிவி, ஒவ்வொரு இருக்கைக்கும் சார்ஜர், படுக்கை, திரைச்சீலை எல்லாம் பாடி கட்டும்போதோ அதற்குப் பிறகோ ஏறுபவை. அவற்றுக்கான ஒயரிங்கும் அப்படித்தான். இந்தியாவில் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரம் அரசுக்கு வந்தது. விதிகள் 2021 ஏப்ரலிலிருந்து அமலில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் கூடுதலாகப் போட்ட ஒயரில் தீப்பிடித்தால் கடிதம் எழுத வேண்டியது சேஸிஸ் கம்பெனியா, பாடி பட்டறையா, சார்ஜர் மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியனா? குறை எந்தக் கட்டத்தில் புகுந்தது என்று பதிவு வைக்காத வரை இதற்கு விடை கிடைக்காது.

காரணம் உடனே பிடிபடாத தீயும் உண்டு. ஜெர்மனியில் 2008 நவம்பரில், ஹனோவர் அருகே ஒரு சுற்றுலாப் பேருந்தில் 20 பேர் எரிந்து இறந்தார்கள். யாரோ சிகரெட் பிடித்திருப்பார்கள் என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. விசாரணை மின்கோளாறைக் காட்டியது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஓக்லண்டில், 2017 டிசம்பரில், பள்ளிப் பேருந்து ஒன்று பின்னோக்கிப் போய்ப் பள்ளத்தில் சிக்கியது. எக்ஸாஸ்ட் குழாய் அடைபட்டு, டர்போ பகுதி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடித்தது. ஓட்டுநரும் 16 வயது மாணவர் ஒருவரும் இறந்தார்கள். எஞ்சின் அறையில் தானே கண்டுபிடித்துத் தானே அணைக்கும் அமைப்பு வேண்டும் என்று விசாரணை வாரியம் வற்புறுத்தியது. பல நாடுகள் ஏற்றுள்ள ஐ.நா. வாகன விதிமுறை நெடுந்தூரப் பேருந்துகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ்.-135 என்று இதற்கான தரநிலை உண்டு. இந்த அமைப்புக்குக் கடிதம் தேவையில்லை. குறை தயாரிப்பில் வந்ததா பராமரிப்பில் வந்ததா என்றும் அது கேட்பதில்லை. அதனால்தான் இதை நான் ரீகாலுக்கு அடுத்த வரிசையில் வைக்காமல் அதற்குச் சமமாக வைக்கிறேன்.

பயணி என்ன செய்ய முடியும்? அமெரிக்காவில் வண்டியின் 17 இலக்க அடையாள எண் தெரிந்தால், பல வண்டிகளுக்கு ரீகால் நிலுவை இருக்கிறதா என்று எவரும் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்தப் பயணிக்கு அந்த எண் தெரியும்? நாளை எந்த வண்டி வரப்போகிறது என்பது முன்பதிவு செய்யும்போது பேருந்து நிறுவனத்துக்கே உறுதியாகத் தெரியாது. பேருந்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் போக்குவரத்துத் துறை எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவைப் பார்க்கலாம். அந்த வண்டியின் நிலையை அது சொல்லாது. பள்ளிச் சுற்றுலாவுக்கோ கோயில் யாத்திரைக்கோ முழு வண்டியையும் பேசி எடுப்பவர்கள் ஒன்று கேட்கலாம்: இந்த வண்டிக்கு ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா, கடைசியாக ஹப் பிரித்து கிரீஸ் வைத்தது எப்போது? எழுத்தில் பதில் கேட்டால் இன்னும் நல்லது. கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பேருந்தின் கதவோரத்தில் சிவப்பாக ஒரு தீயணைப்பான் தொங்கும். அதன் கழுத்தில் ஒரு அட்டை கட்டியிருக்கும்: கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவரின் கையெழுத்து. அதை யாரும் பெரிய சுமையாக நினைக்கவில்லை. தொழிலும் அதனால் கெடவில்லை. அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றை மாட்டலாம். இந்த வண்டிக்கு வந்த ரீகால் எண், சரிசெய்த தேதி, சரிசெய்யாவிட்டால் இடைக்காலச் சோதனை செய்த தேதி, ஹப் பிரித்துப் பார்த்த தேதி, கீழே பணிமனைக்காரரின் கையெழுத்து. ஏறும்போது படியில் கால் வைத்தபடியே படித்துவிடும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.